மாட்டின் பெயரைக் கேட்கும் கொலைகாரன்

போன வாரம் என் கைப்பேசிக்கு ஒரு படிவம் வந்தது. உதவி இயக்குநர்களாக இருக்கும் இளையவர்கள் சிலர் சேர்ந்து சென்னையில் பயிலரங்கு நடத்துகிறார்களாம். மூத்தவர்களின் அனுபவத்தைத் தொகுக்கிறார்களாம். எனக்கு ஒதுக்கிய தலைப்பு, 'ஒரு த்ரில்லர் படத்தின் தொடக்கக் காட்சிக்குக் கதாபாத்திரங்களையும் கருவையும் திட்டமிடுவது எப்படி?' கீழே கட்டம் கட்டமாகப் போட்டிருந்தார்கள். நாயகனுக்கு ஒரு வரி, வில்லனுக்கு ஒரு வரி, சாகப்போகிற ஆளுக்கு ஒரு வரி. கருவுக்கு எழுதவே இடமில்லை. பழிவாங்கல், பேராசை, துரோகம், மற்றவை என்ற நான்கில் ஒன்றைத் தொடச் சொன்னது. நான் 'மற்றவை'யைத் தொட்டேன். என்ன மற்றவை என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை, அடுத்த கேள்விக்குப் போய்விட்டது.

வில்லன் கட்டத்தில் எழுதத் தொடங்கினேன். பாதியிலேயே எழுத்தெல்லாம் சிவப்பாகி, அளவு மீறிவிட்டது என்றது. சுருக்கினேன், மறுபடியும் சிவப்பு. இன்னும் சுருக்கினேன், அப்போதும் சிவப்பு. ஒரு மனுஷனை ஒரு வரியில் எழுத முடிந்திருந்தால் நான் முப்பது வருடம் எதற்காக ஒரு மாடியறையில் முதுகு நோக உட்கார்ந்திருந்தேன்? போனைக் கவிழ்த்து வைத்துவிட்டுத் தாளை எடுத்துக்கொண்டேன். இதை அவர்கள் எந்தக் கட்டத்தில் போட்டுக்கொள்வார்களோ, எனக்குக் கவலையில்லை.

நான் கம்பைநல்லூருக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்துக்காரி. தட்டச்சு படித்துவிட்டுச் சென்னைக்கு வேலை தேடிப் போனவள். கையெழுத்து நன்றாக இருந்ததால் ஒரு சினிமா கம்பெனியில் வசனம் பிரதி எடுக்க வைத்துக்கொண்டார்கள். கார்பன் வைத்து மூன்று மூன்றாக எழுதி விரலில் காய்ப்பு வந்தது. பிறகு கிளாப் அடித்தேன், யார் எந்தக் கையில் டம்ளரைப் பிடித்திருந்தார்கள் என்று அடுத்த ஷாட்டுக்காகக் குறித்தேன், நடிகைக்கு ஊக்கு தேடி ஓடினேன். நான் கதை சொன்னால் சிரித்தவர்களே அதிகம். அந்தக் காலத்தைப் பற்றி இதற்கு மேல் சொல்ல எனக்கு விருப்பமில்லை, நினைத்தால் ரத்தம் கொதிக்கிறது.

என்னை உட்கார வைத்துக் கதை கேட்ட முதல் ஆள் எங்கள் இயக்குநர். திகில் படமும் துப்பறியும் படமும் எடுப்பவர். பார்த்தால் கூட்டுறவு வங்கிக் காசாளர் மாதிரி இருப்பார். வடபழனியில் ஒரு மாடியறை. காலை ஒன்பதுக்கு உட்கார வேண்டும். பாயில் படுத்துக்கொண்டு கதை பேசுகிறவர்களைக் கண்டால் அவருக்கு ஆகாது. எங்கள் எல்லோருக்கும் ஆளுக்கொரு மரநாற்காலி, ஆளுக்கொரு நோட்டு. அவர் கையில் பச்சை மை பேனா. நாம் எழுதிக் கொடுத்ததில் 'கொடூரமான', 'மர்மமான', 'மிரட்டலான' என்று ஏதாவது கண்ணில் பட்டால் ஒரு பச்சைக் கோடு இழுப்பார். ஒரு பக்கத்தில் கோடு அதிகமாகிவிட்டால் அதைக் கசக்கிப் போட மாட்டார். நாலாக மடித்து, மரியாதையாக நம் கையிலேயே திருப்பிக் கொடுப்பார். கசக்கிப் போட்டிருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது. பிடித்திருந்தால் "சரி, அடுத்தது" என்பார். அதற்கு மேல் பாராட்டி நான் கேட்டதில்லை.

ஒவ்வொரு கதாபாத்திரத்துக்கும் அவர் கேட்பது மூன்றே கேள்வி. அவன் பையில் என்ன இருக்கிறது? சும்மா இருக்கும்போது கை என்ன செய்யும்? யார் சொன்னாலும் எதைச் செய்ய மாட்டான்? இதற்குப் பதில் தெரியாமல் யாராவது "சார், இவன் ஒரு சைக்கோ சார்" என்றால் போதும், ஒரு கிராம்பை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிவிடுவார். கரு என்று ஒற்றைச் சொல்லைச் சொன்னாலும் அப்படித்தான். "பேராசைன்னு சொல்றீங்க. அதை கேமரா எப்படிய்யா பாக்கும்? கருன்னா கண்ணுக்குத் தெரியற ஒரு காரியம். அதை முதல் பத்து நிமிஷத்துல அவன் கையால செய்யணும்" என்பார்.

கதாபாத்திரம் எழுத இன்னொரு முறையும் வைத்திருந்தார். ஒவ்வொரு ஆளையும் நமக்குத் தெரிந்த உயிருள்ள ஒரு ஆளை மனதில் வைத்துத்தான் எழுத வேண்டும். அது யார் என்று அவரிடம்கூடச் சொல்லக் கூடாது. எழுதி முடித்த பிறகு தொழில், ஊர், உடம்பு மூன்றையும் மாற்றிவிட வேண்டும். "இல்லன்னா நாளைக்கு அந்த ஆள் ரோட்ல நடக்க முடியாது, பாவம்" என்பார். எத்தனையோ படங்களில் இந்த முறைப்படி வேலை செய்தோம். ஒரு பிரச்சினையும் வந்ததில்லை.

தொடக்கக் காட்சி தயாரானதும் அதைச் சோதிக்கிற இடம் கீழ் வீடு. வீட்டுக்கார அம்மா முற்றத்தில் அரிவாள்மணையில் காய் நறுக்கிக்கொண்டிருப்பார். இயக்குநர் படியில் உட்கார்ந்து கதையைச் சொல்வார். அந்த அம்மா பாதி காதில்தான் கேட்பார். எந்த இடத்தில் அவர் கை நிற்கிறதோ அந்த இடத்தை நான் நோட்டில் குறிக்க வேண்டும். கடைசிவரை கை நிற்காமல் வெண்டைக்காய் தீர்ந்துவிட்டால் காட்சி தேறவில்லை, மாடிக்குப் போய் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

இப்போது அந்தப் படத்துக்கு வருகிறேன். படம் வந்து ஒன்பது வருடம் ஆகிறது. கொலைகாரனை எழுதும் வேலை என் தலையில் விழுந்தது. வீடு வீடாகப் போகிற ஆள், எல்லோரும் நம்பிக் கதவு திறக்கிற ஆள், முதல் காட்சியில் வீட்டில் தனியாக இருக்கும் ஒரு பெண்ணைக் கொல்கிறான், அப்போதே அவன் முகத்தைக் காட்டிவிட வேண்டும், ஆனாலும் பயம் வர வேண்டும். இதுதான் எனக்குக் கொடுத்தது. பதினெட்டு நாள் எழுதினேன். மடித்து மடித்துத் திருப்பிக் கொடுத்தார். எரிச்சலில் ஒருநாள், நானறிந்தவர்களிலேயே மிக மென்மையான கை யாருடையது என்று யோசித்தேன். உடனே முனியப்பன் அண்ணன் நினைவுக்கு வந்தார்.

முனியப்பன் அண்ணன் எங்கள் ஊர்ப்பக்கம் மாட்டுக்கு ஊசி போடுகிறவர். கால்நடை மருந்தகத்தில் உதவியாளராக இருந்து பழகியவர். பெரிய டாக்டர் வருவதற்குள் இவர் மொபெட்டில் தகரப் பெட்டியோடு வந்து நிற்பார் என்பதால் சுற்றுவட்டாரத்தில் இவரைத்தான் மாட்டு டாக்டர் என்பார்கள். மாட்டுக்கொட்டாய்க்குள் வந்ததும் முதலில் மாட்டின் பெயரைக் கேட்பார். பெயரைச் சொல்லி நெற்றியைத் தடவுவார். பிறகு தோளில் கிடக்கும் துண்டை எடுத்து அதன் கண்ணை மூடுவார். ஊசி இறங்கியது மாட்டுக்கே தெரியாது.

அவரை மனதில் வைத்து எழுதிவிட்டு, முறைப்படி மூன்றையும் மாற்றினேன். தொழிலை கேஸ் அடுப்பு பழுது பார்ப்பது என்று வைத்தேன். ஊர் பொள்ளாச்சிப் பக்கம். முனியப்பன் அண்ணன் நெடுநெடுவென்று இருப்பார், ஆகவே என் ஆளைக் குள்ளமாக, தொப்பையோடு எழுதினேன். இயக்குநர் படித்துவிட்டு மடிக்கவில்லை. ஏதோ இருக்கிறது, ஆனால் இன்னும் வரவில்லை என்றார்.

அதற்குப் பிறகு நடந்ததை நினைத்தால் எனக்கு என் மேலேயே கோபம் வருகிறது. பொள்ளாச்சியில் விடாத மழை. தயாரிப்பாளர் கையைப் பிசைந்தபோது, எங்கள் பக்கம் அனுமதி சுலபமாகக் கிடைக்கும் என்று நானே வாயைக் கொடுத்தேன். ஊர் போயிற்று. குள்ளமான நடிகருக்குத் தேதி இல்லை. நெட்டையான ஒருவரைப் போட்டார்கள். உடம்பும் போயிற்று. மிஞ்சியது தொழில் ஒன்றுதான்.

இடம் பார்க்க வந்தபோது இயக்குநர் எங்கள் ஊரில் ஒரு மாட்டுக்கொட்டாய் முன்னால் நின்றுவிட்டார். உள்ளே ஒரு சிவலைப் பசு அவரைத் திரும்பிப் பார்த்தது. வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தவர் என்னிடம் கேட்டார்.

"விசாலம், இவன் மாட்டுக்கு ஊசி போடறவனா இருந்தா? உள்ள வந்ததும் முதல்ல என்ன செய்வான்?"

அங்கே நான் வாயை மூடிக்கொண்டிருந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால், தொழிலை மாற்ற வேண்டாம் சார், இதற்கு ஒரு காரணம் இருக்கிறது என்று சொல்லியிருக்க வேண்டும். பதினெட்டு நாள் மடித்த தாளை வாங்கியவளுக்கு அந்த நேரத்தில் அது எங்கே தோன்றியது?

"மாட்டோட பேரைக் கேப்பான் சார். அப்புறம் துண்டால அதோட கண்ணை மூடுவான்."

அவர் பேனாவை மூடிச் சட்டைப்பையில் வைத்தார். "அதே துண்டால அந்தப் பொம்பளை கண்ணையும்" என்று மெல்லச் சொன்னார். பிறகு, "சரி, அடுத்தது."

சென்னைக்குத் திரும்பிக் கீழ் வீட்டு அம்மாவிடம் சொன்னபோது துண்டு வருகிற இடத்தில் அவர் கை நின்றது. பாதி அறுபட்ட கத்திரிக்காய் அப்படியே அரிவாள்மணையில் இருந்தது. நோட்டில் அந்த இடத்தைச் சந்தோஷத்தில் இரண்டு தடவை கோடிட்டுக் குறித்தேன். அதை மறைக்க மாட்டேன்.

படப்பிடிப்பில் கலைத்துறைக்காரர்கள் பழைய தகரப் பெட்டி ஒன்று வேண்டும் என்று ஊருக்குள் விசாரித்திருக்கிறார்கள். ஊர்க்காரர்கள் யாரைக் காட்டுவார்கள்? முனியப்பன் அண்ணனே பெட்டியைத் துடைத்து எடுத்துக்கொண்டு வந்தார். மூன்று நாளும் நின்று வேடிக்கை பார்த்தார். நடிகர் ஊசியைப் பேனா மாதிரி பிடித்ததைப் பார்த்து அவரால் பொறுக்க முடியவில்லை. "அப்பிடி இல்லீங்க, மாடு பயந்துக்கும். விரலை இப்பிடி வெச்சுக்கங்க" என்று தாமே கையைப் பிடித்துச் சொல்லிக்கொடுத்தார். காட்சியில் அடுத்து என்ன நடக்கப்போகிறது என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. துண்டை வைத்து ஒரு பெண்ணைக் கொல்லும் பகுதியைச் சென்னையில் அரங்கம் போட்டு எடுத்தோம்.

படம் ஓடியது. அந்த ஏழு நிமிடத் தொடக்கத்தைத்தான் எல்லோரும் பேசினார்கள். அவன் ஏன் கொல்கிறான் என்பதற்கு நான் பின்பாதியில் ஒரு காட்சி எழுதியிருந்தேன். காரணம் தெரிந்தால் பயம் போய்விடும் என்று இயக்குநர் அதை வெட்டிவிட்டார். படத்துக்கு அது சரிதான், இப்போதும் அதையே சொல்வேன். எங்கள் ஊருக்குத்தான் அது சரிப்படவில்லை.

முதலில் கிண்டல்தான். அண்ணன் டீக்கடைக்குப் போனால் உட்கார்ந்திருப்பவர்கள் துண்டால் கண்ணை மூடிக்கொண்டு, "டாக்டரே, எம் பேரைக் கேக்கலையா?" என்பார்களாம். அவரும் சிரித்திருக்கிறார். பிறகு பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் மொபெட் சத்தம் கேட்டதும் ஓட ஆரம்பித்தார்கள். அவரைப் பிறந்ததிலிருந்து அறிந்தவர்களுக்கு அது விளையாட்டு. வெளியூரிலிருந்து கல்யாணமாகி வந்த பெண்களுக்கு அவர் யார்? சினிமாவில் பார்த்த அதே ஆள், அதே பெட்டி, அதே துண்டு.

பக்கத்து ஊரில் ஒரு வீட்டில் பசுவுக்கு வயிறு உப்பிக்கொண்டது. காட்டு வேலையில் இருந்த புருஷன் அண்ணனுக்குப் போன் செய்து, உடனே போங்க, நானும் வருகிறேன் என்றிருக்கிறான். அண்ணன் போனபோது வீட்டில் கைக்குழந்தையோடு புது மருமகள் மட்டும். அவரைப் பார்த்ததும் வாசல் கேட்டைப் பூட்டிக்கொண்டு உள்ளே ஓடித் தாழ்ப்பாள் போட்டுவிட்டாள். அண்ணன் வெளியே நின்று, "அம்மா, மாட்டுக்கு மூச்சு முட்டுதும்மா, கேட்டை மட்டும் தொறம்மா" என்று கெஞ்சியிருக்கிறார். அவர் கெஞ்சக் கெஞ்ச அவளுக்குப் பயம் அதிகமாகியிருக்கிறது. புருஷன் வந்து சேர்வதற்குள் மாடு செத்துப்போனது. நிறைசினை. அந்தப் பெண்ணை நான் குறை சொல்ல மாட்டேன். பயப்படட்டும் என்றுதானே ஒவ்வொரு நொடியையும் கணக்குப் பார்த்துச் செய்தோம்? ஆனால் டாக்டர் வாசலில் நின்றும் மாடு செத்தது என்ற பேச்சு சுற்றுவட்டாரம் முழுக்கப் போனது. அதோடு அவரைக் கூப்பிடுகிற வீடுகள் குறைந்துகொண்டே வந்தன. இதையெல்லாம் என் தம்பி சின்னசாமி போனில் சொல்வான். நான் "ஐயோ பாவம்" என்பேன். வேறு வேலைகள் இருந்தன.

அடுத்த தை மாதம் தம்பி பேத்தியின் காதுகுத்துக்கு ஊருக்கு வந்தேன். பந்தியில் சாப்பிட்டு முடித்து எல்லோரும் உட்கார்ந்திருந்தபோது முனியப்பன் அண்ணன் என் பக்கத்தில் வந்தார். கோபமாக வரவில்லை. ஏதோ வழி கேட்கிறவர் மாதிரி கேட்டார்.

"ஏங்கண்ணு, அந்த மாட்டு டாக்டர் கதை, அது யாரு எழுதினது?"

இத்தனை பேர் நடுவில் கேட்டுவிட்டாரே என்று எனக்கு முகம் சூடாகிவிட்டது. "டைரக்டர் எழுதினதுங்கண்ணே. நான் கூட இருந்து வேலை செய்யறவ, எனக்கென்ன தெரியும்?" என்றேன். யாரை மனதில் வைத்தோம் என்று வெளியே சொல்லக் கூடாது என்பது எங்கள் தொழில் முறையாயிற்றே என்று மனதுக்குள் ஒரு சாக்கும் சொல்லிக்கொண்டேன். வெட்கக்கேடு.

"சரி கண்ணு" என்றார். போகத் திரும்பியவர் மறுபடியும் நின்றார். "அந்தாளு எதுக்குக் கொல்றான்னு படத்துல கடைசி வரைக்கும் சொல்லவே இல்லையே. எல்லாரும் என்னைக் கேக்கறாங்க. நான் என்னன்னு சொல்றது?"

அதற்கும் நான் ஏதோ சிரித்து மழுப்பினேன்.

ஓய்வு பெற்று இப்போது தம்பி வீட்டோடு இருக்கிறேன். இரண்டு மாதத்துக்கு முன்னால் ஒருநாள் பகலில் எங்கள் மாட்டுக்கு மடி வீங்கிக் கல்லு மாதிரி ஆகிவிட்டது. தம்பி தக்காளி லோடோடு தருமபுரி போயிருந்தான். அவன் மனைவி பிறந்த வீட்டுக்குப் போயிருந்தாள். முனியப்பன் அண்ணனுக்குப் போன் செய்தேன். எடுப்பாரா என்ற சந்தேகத்தோடுதான் செய்தேன். கால் மணி நேரத்தில் மொபெட் சத்தம் கேட்டது. கேட்டுக்கு வெளியே வண்டியை நிறுத்தினார். இறங்கினார், ஆனால் உள்ளே வரவில்லை.

"தம்பி வூட்ல இருக்குதா கண்ணு?"

"லோடு ஏத்திக்கிட்டுப் போயிருக்குதுங்கண்ணே. நீங்க வாங்க, மாடு கொட்டாய்ல நிக்குது."

"தம்பி வரட்டும்."

"அதுவரைக்கும் தாங்காதுங்கண்ணே. நான்தான் இருக்கறனே."

"அதான் கண்ணு. நீ ஒருத்தியா இருக்கற." அவருடைய தோளில் துண்டு இல்லை. "ஆம்பளைங்க இல்லாத வூட்டுக்குள்ள நான் போறதில்ல. அந்த மாடு செத்ததுல இருந்து அப்பிடித்தான்."

வெயில் தலையைப் பிளந்தது. தம்பிக்குப் போன் போட்டு உடனே கிளம்பச் சொன்னேன். கேட்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். அங்கே நின்றபடியே சொன்னேன்.

"அந்தக் கதைய எழுதினது நான்தாங்கண்ணே."

"தெரியும் கண்ணு."

"எப்பத் தெரியும்?"

"படம் பாத்தப்பவே." மொபெட் சீட்டில் இருந்த தூசியை உள்ளங்கையால் துடைத்தார். "இத்தன வருசம் ஊர் ஊராப் போயி ஊசி போட்டிருக்கறேன். பேரை எதுக்குக் கேக்கறீங்கன்னு கேட்ட ஒரே ஆளு நீதான். மூணாவதோ நாலாவதோ படிச்சுட்டு இருந்த. பேரு தெரியாம மேல கைய வெக்கக் கூடாதுன்னு சொன்னேன். உங்க சினிமா ஆளுங்கள்ல வேற யாருக்கு அது தெரியும்?"

"அப்புறம் எதுக்குங்க காதுகுத்து அன்னைக்கு என்னைக் கேட்டீங்க?"

"நாலு பேரு உக்காந்திருந்தாங்க. நீ சொல்லுவியான்னுதான் கேட்டேன். நான் எழுதினதுதான், கத கட்டினதுதான், அண்ணன் அப்பிடிப்பட்ட ஆளு இல்லன்னு நீ ஒரு வார்த்தை சொல்லியிருந்தா கேட்டிருப்பாங்க. சினிமாவுல இருக்கற பொண்ணு சொல்லுதுன்னு நம்பியிருப்பாங்க."

அவர் குரலில் குற்றம் சாட்டும் தொனியே இல்லை. அது இருந்திருந்தால் நானும் பதிலுக்கு ஏதாவது பேசியிருப்பேன்.

"இப்பச் சொல்றேங்கண்ணே. யாருகிட்டச் சொல்லணும்னு சொல்லுங்க, வூடு வூடாப் போயிச் சொல்றேன்."

"இப்ப எல்லாம் போன்ல அரூர் டாக்டரைக் கூப்பிட்டுக்கறாங்க கண்ணு" என்றார். "மாட்டுக்கு மடியில வெந்நீர் ஒத்தடம் குடு. போ. தம்பி வர்ற வரைக்கும் அது கொஞ்சம் தாங்கும்."

வெந்நீர் வைத்து, அவர் வெளியிலிருந்து சொல்லச் சொல்ல ஒத்தடம் கொடுத்தேன். தம்பி வர ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. அத்தனை நேரமும் அவர் வேலி ஓரத்தில் பெட்டியைக் கையில் பிடித்தபடி வெயிலில் நின்றார். நடுவில் ஒரு சொம்பு தண்ணீர் கொண்டுபோனேன். கேட்டைத் திறக்கப் போனபோது வேண்டாம் என்று தலையை அசைத்துவிட்டு, கேட்டுக்கு மேலாகக் கையை நீட்டி வாங்கிக்கொண்டார்.